விடுமுறை பிள்ளைகளுக்கா, பெட்டிக்கா?

டிசம்பர் மாதத்தில் அரையாண்டுத் தேர்வின் கடைசித் தாளை எழுதிவிட்டுப் பிள்ளைகள் வீடு திரும்பும் அந்த மாலைப்பொழுதைச் சற்று நினைத்துப் பாருங்கள். புத்தகப் பை ஒரு மூலையில் விழும். காலணிகள் மறு மூலையில் விழும். "எப்படி எழுதினாய்?" என்ற நம் கேள்விக்கு விடை வருமுன்பே தொலைக்காட்சி பேசத் தொடங்கிவிடும். அந்தக் கணத்திலிருந்து பள்ளி திறக்கும் நாள்வரை, நம் இல்லத்தில் ஓய்வின்றி உழைக்கும் ஜீவன்கள் இரண்டே இரண்டு. ஒன்று அந்தப் பெட்டி. மற்றொன்று பிள்ளைகளின் தாய்.

பெட்டி என்பதும் பழக்கத்தில் வந்த சொல்தான். இப்போது அது பலகைபோல் மெலிந்து சுவரில் தொங்குகிறது. அதன் எதிரில் அமர்ந்து பலகாரம் தின்னும் நாம்தான் பெட்டிபோல் ஆகிவருகிறோம்!

'தொல்லைக்காட்சி' என்று கேலி செய்வது மிகப் பழைய சிலேடை. அதை மீண்டும் சொல்லி உங்களைத் தொல்லைப்படுத்த நான் வரவில்லை. குளிர்கால விடுமுறையில் அது நமக்குக் காட்டுவது எது, காணவிடாமல் செய்வது எது என்று சிரித்துக்கொண்டே சிந்திப்போமே!

மழை வேண்டும் மாணவர்கள்

உண்மையில் விடுமுறைக் காய்ச்சல் நவம்பரிலேயே தொடங்கிவிடுகிறது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்ற செய்தி வந்ததும், மற்ற நாட்களில் ஏழு முறை எழுப்பினாலும் எழாத பிள்ளை, அதிகாலையிலேயே எழுந்து தொலைக்காட்சியின் அடிவரியை வாசிக்கத் தொடங்கிவிடுகிறான். பாடநூலின் ஒரு வரியையேனும் இத்தனை கவனத்துடன் அவன் வாசித்ததுண்டா? சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று மாவட்டங்களின் பெயர்கள் ஊர்ந்து போகின்றன. கடலூர் வருகிறது, நாகை வருகிறது. கோவை மட்டும் வருவதில்லை!

பாவம், அவன் என்ன செய்வான்? கடலோரத்தை நனைக்கும் மேகம் கொங்கு மண்ணை எட்டுவதற்குள் களைத்துப்போய்விடுகிறது. சென்னையில் ஓராண்டில் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதிதான் கோவைக்குக் கிட்டுகிறது. "நாம் ஏன் அத்தா சென்னையில் பிறக்கவில்லை?" என்று கேட்கும் மகனுக்கு எந்தத் தந்தையால் விடை கூற முடியும்?

திரையில் பனி, தலைக்குமேல் விசிறி

அடுத்து வருவது உதகையின் உறைபனி. ஆண்டுதோறும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் தவறாமல் வரும் செய்தி இது. காதை மறைத்த மஃப்ளருடன் செய்தியாளர் நிற்பார். குதிரைப் பந்தய மைதானம் உப்புக் கொட்டியதுபோல் வெண்மையாகத் தெரியும். தலைக்குந்தாவில் யாரோ ஒருவர் குப்பையைக் கொளுத்திக் குளிர்காய்வார். கோட்டைமேட்டிலும் குனியமுத்தூரிலும் நாம் மின்விசிறியைச் சுழலவிட்டு, அந்தக் குளிருக்காக இங்கே போர்வை போர்த்திக்கொண்டு பார்ப்போம்!

மேகமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிடுகிறது. காற்றிலுள்ள ஈரம் புல்லின்மீது படிந்து உறைகிறது. திரையில் வெண்கம்பளம்போல் தோன்றும் இதுவே தேயிலைக் கொழுந்தைக் கருகச் செய்கிறது. சிறு விவசாயியின் சில வாரக் கூலி ஒரே இரவில் கருகிவிடுகிறது. கண்ணுக்கு அழகாகத் தெரிவதெல்லாம் கைக்கு அழகல்ல என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல பாடம் உண்டா? ஆனால் அதைச் சொல்வதற்குள் செய்தி முடிந்து நகைக்கடை விளம்பரம் வந்துவிடுகிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைவரை 46 கிலோமீட்டர் மலையேறும் நீலகிரி ரயிலை 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அதைக் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் மேட்டுப்பாளையத்தை அடையக்கூடிய நாமோ, அந்த ரயிலை ஆவணப்படத்தில் கண்டு "அடடா!" என்கிறோம்.

திரைப்படம் கேட்கும் தாய்

ஜனவரி பிறந்ததும் பொங்கல் விடுமுறை. "இந்தியத் தொலைக்காட்சிகளில் முதல்முறையாக" என்ற முழக்கம் ஒரு வாரத்திற்கு முன்பே தொடங்கிவிடும். இரண்டரை மணி நேரப் படம் நான்கு மணி நேரமாக நீளும். இந்த நேரத்தில் இல்லத்தரசியின் நிலையைக் கவனித்திருக்கிறீர்களா? படம் ஓடும்போதுதான் அவருக்கு ஓய்வு. விளம்பரம் வந்தால் வேலை! "அம்மா, தேநீர்!" "அம்மா, முறுக்குத் தீர்ந்துவிட்டது!" என்று ஆணைகள் அடுக்களைக்குப் பறக்கின்றன. எத்தனையோ திரைப்படங்களை அவர் பார்த்ததே இல்லை; கேட்டிருக்கிறார். தாளிக்கும் ஓசைக்கு நடுவே கதாநாயகன் இறந்தானா, பிழைத்தானா என்பதுகூடத் தெரியாமலே பொங்கல் கழிந்துவிடுகிறது.

நமக்குப் பொங்கல் பண்டிகை இல்லையென்றாலும் பொங்கல் விடுமுறை உண்டு. பொங்கல் கொண்டாடும் அண்டை வீட்டாரும் உண்டு. திரையில் நடிகர் ஒருவர் அரங்கில் நட்டுவைத்த கரும்பின் அருகே நின்று கிராமத்துப் பொங்கலை விளக்குகிறார். அதே நேரத்தில், பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் காப்புக் கட்டிய பக்கத்து வீட்டுத் திண்ணையில் உண்மையான கரும்பு சாய்ந்திருக்கிறது. பெருநாளன்று நாம் கொடுத்தனுப்பிய பிரியாணிப் பாத்திரத்தில் கரும்புத் துண்டுகளை நிரப்பிக்கொண்டு வரும் பக்கத்து வீட்டு அக்கா, "ஏனுங் அம்மிணி, கதவைத் தட்டித் தட்டிக் கை நோவுதுங்க!" என்கிறார். உள்ளே பொங்கல் சிறப்பு நிகழ்ச்சியின் ஓசையில் அவர் தட்டியது நம் காதில் விழவில்லை!

சிரிப்பு நின்ற ஞாயிறு

தொலைக்காட்சியைப் பழிப்பது மட்டும் என் நோக்கமன்று. 2004 டிசம்பர் 26, அரையாண்டு விடுமுறையின் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் வழக்கம்போல் பொழுதுபோக்கிற்காகத் திறந்த திரையில் ஆழிப்பேரலையின் செய்தி வரத் தொடங்கியது. கடலையே காணாத கொங்கு நாட்டு வீடுகளும் நாகப்பட்டினத்திற்காகக் கண்ணீர் விட்டன. பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் பாதிக்கப்பட்ட மீனவ மக்களுக்கு உணவளித்து அரவணைத்தனர். தொலைவில் உள்ளவரின் துயரை அருகில் கொண்டுவந்து நிறுத்தும் வல்லமை அந்தப் பெட்டிக்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால், அருகில் உள்ளவரைத் தொலைவில் கொண்டுபோய் நிறுத்தும் வல்லமையும் அதற்கு உண்டு!

நன்னி போட்ட நாற்காலி

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கப்பட்டது. பின்னர் கொடைக்கானலை நோக்கி ஆண்டெனாவைத் திருப்பி, "தெரியுதா?" என்று மாடியிலிருந்து ஒருவர் கத்த, "புள்ளி புள்ளியாத் தெரியுது!" என்று கீழிருந்து ஊரே பதில் சொன்ன காலத்தில், பெட்டி நம்மைவிட அதிக நேரம் உறங்கியது. 1993 ஏப்ரல் 14-ல் சன் தொலைக்காட்சி வந்தபின் அதன் உறக்கம் குறைந்தது. இன்றோ கைப்பேசியாகச் சிறுத்து, நம் தலையணைக்கே வந்துவிட்டது.

சில ஆண்டுகளுக்குமுன் அரையாண்டு விடுமுறைக்கு உடுமலையில் உள்ள நன்னியின் வீட்டிற்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றோம். மூன்றாம் நாள் மாலை, மஃக்ரிப் தொழுது முடித்த நன்னி, தம் நாற்காலியை மெல்ல இழுத்துக்கொண்டுபோய்த் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், எங்களை நோக்கிப் போட்டு அமர்ந்துகொண்டார்.

"அங்கே உட்கார்ந்தால் படம் தெரியாதே நன்னி?" என்றாள் என் மகள்.

"படம் தெரியாட்டிப் போகுது தங்கம். நீங்க வந்து மூணு நாளாச்சு. இதுவரைக்கும் உங்க முதுகைத்தான் பாத்தேன். இப்பத்தான் எல்லார் மொகமும் தெரியுது" என்றார் நன்னி.

யாரும் சொல்லாமலே என் மகன் எழுந்துபோய்த் தொலைக்காட்சியை அணைத்தான். அன்று இஷாவரை நன்னி தம் சிறுபிராயத்துக் கதைகளைச் சொல்ல, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நடுவே ஒரு விளம்பரமும் வரவில்லை. தேநீர் போட எழுந்த என் மனைவியையும் நன்னி அமர்த்திவிட்டார்.

அந்த நாற்காலி இன்றும் உடுமலையில் இருக்கிறது. அதில் அமர நன்னி இல்லை.

வாசகர்களே! சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைந்தது. ஆகையால்தான் 2000-ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒன்றும் டிசம்பரில் ஒன்றுமாக இரண்டு நோன்புப் பெருநாட்களைக் கண்டோம். இன்ஷா அல்லாஹ், 2030-ல் ரமலான் ஜனவரியில் ஒருமுறையும் டிசம்பர் இறுதியில் மறுமுறையும் தொடங்கும். அரையாண்டு விடுமுறையும் நோன்பும் மீண்டும் கைகோக்கும். அன்று நம் இல்லத்து ஸஹர் விரிப்பைச் சுற்றி யார் யார் இருப்பார்கள் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

அதுவரை காத்திராமல், இந்த விடுமுறையிலேயே மஃக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு பொழுதைப் பெட்டிக்கு விடுமுறையாக விட்டுப் பாருங்களேன்! முதுகுகள் திரும்பும், முகங்கள் தெரியும்.