முறுக்குக் குழலும் கடற்காற்றும்

நம்மவர் எந்த மாநிலத்தில் குடியேறினும், ஆயுத பூசை நாளன்று கருவிகளைத் துலக்கிச் சந்தனமிட்டு வணங்க மறப்பதில்லை. முன்னர் போர்ட் பிளேர் எனப்பட்டு, 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற அந்தமான் தலைநகரில், நமது குடியிருப்புக்கு அடுத்த தெருவில் வாழும் மூதாட்டி ஒருவர் அப்பூசைக்கு நம்மை அழைத்திருந்தார். அரிவாளுக்கும் அளவுகோலுக்கும் நடுவே, அவருடைய தந்தையார் விட்டுச் சென்ற இரட்டைக்குழல் துப்பாக்கியொன்று கிடந்தது. அதன் பாதி பழுப்பு நிறத்தில் நுண்ணிய சுருள் கோலங்களுடனும், மறுபாதி வெறும் வெள்ளை இரும்பாகவும் காணப்பட்டது.

“தம்பி, பளபளப்பாக்குகிறேன் என்று பேரன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான், துருவோடு பூவேலையும் போய்விட்டதே!” என்று அம்மூதாட்டி வருந்தினார். அப்பேரனோ, அதில் தோட்டா இட்டு ஒருமுறை சுட்டுப் பார்க்கவும் விரும்பினான். பூவேலை உண்மையில் போய்விட்டதா? சுடுவது தகுமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை, அக்குழல் செய்யப்பட்ட முறையிலேயே அடங்கியுள்ளது.

இத்தகைய குழலை டமாஸ்கஸ் குழல் என்பர். இப்பெயரைக் கேட்டவுடன் நம் நாட்டு உருக்கு நினைவுக்கு வருவது இயல்பு. ஈரோட்டை அடுத்த கொடுமணல் அகழாய்வில் பண்டை உலைகளின் தடயங்கள் கிடைத்துள்ளன. தென்னாட்டில் மண்குகையிலிட்டு உருக்கிய எஃகு மேலை ஆசியாவுக்குச் சென்று வாளாயிற்று; அதன் தன்மையை அறிய மைக்கேல் ஃபாரடே 1819-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்தார். அவ்வாளின் அலைக்கோலம், உருகிய எஃகு மெல்ல ஆறும்போது அதனுள்ளேயே தோன்றுவது. துப்பாக்கிக் குழலின் கோலமோ கொல்லன் கையால் விளைவது. பெயர் ஒன்று, பிறப்பு வேறு.

இரும்புக் கீற்றுகளையும் எஃகுக் கீற்றுகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, உலையிற் காய்ச்சி, ஒன்றாக அடித்து ஒட்டுவர். அக்கோலைக் கயிறு திரிப்பதுபோல முறுக்குவர். முறுக்கிய இரண்டு மூன்று கோல்களை அருகருகே ஒட்டி நாடாவாக்கி, ஓர் உருளையின்மேல் சுற்றி, விளிம்போடு விளிம்பு பொருந்த மீண்டும் காய்ச்சி அடிப்பர். பின்னர் உள்ளே குடைந்து வெளியே அரத்தால் அராவுவர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் பெல்ஜியத்தின் லியேஜ் நகரும் இங்கிலாந்தின் பர்மிங்காமும் இத்தொழிலிற் பெயர் பெற்றிருந்தன. நம் நாட்டிலும், இரும்பைச் சாய்வாகச் சுற்றிக் குழல் செய்யும் முறையை அக்பர் காலத்து அபுல் பசல் குறித்துள்ளார்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். கோலம் மேற்பூச்சு அன்று. உலோகத்தின் கனம் முழுவதும் ஊடுருவியுள்ளது. எனவே, தேய்த்தால் மறையுமேயன்றி அழியாது. ஆனால், தேய்க்குந்தோறும் குழலின் சுவர் மெலிகிறது, இழப்பு அங்கேதான்.

மலிவான துப்பாக்கிகள் சிலவற்றில், சாதாரணக் குழலின்மேல் இக்கோலத்தைப் பதித்து ஏமாற்றியதும் உண்டு. மெய்யோ போலியோ என அறிய, முன்கட்டையைக் கழற்றி, அது மறைத்திருந்த இடத்தில் விரல்நுனி அளவு துலக்கி, நீர்த்த பெர்ரிக் குளோரைடுக் கரைசலைத் தொட்டு வைப்பர். இரும்பும் எஃகும் ஒரே அளவிற் கறுப்பதில்லை. ஆதலால் மெய்க்கோலம் மீண்டும் எழும். போலியாயின் துலக்கிய இடம் ஒரே நிறமாக நிற்கும். குழலின் அடியிலுள்ள முத்திரைகளும் பிறப்பிடத்தைச் சொல்லும். அவற்றைத் தேய்த்தழிப்பது பத்திரத்தைக் கிழிப்பதற்கு ஒப்பாகும்.

பழைய பழுப்பு நிறத்தை மீட்பதும் துருவைக் கொண்டேதான். எண்ணெய்ப் பசையை முற்றிலும் நீக்கி, அதற்குரிய மருந்துநீரை மெல்லப் பூசி, ஈரப்பெட்டியில் வைத்து மென்துரு படரச் செய்வர். பிறகு காய்ச்சி வடித்த நீரில் கொதிக்கவிட்டு, மெல்லிய எஃகு நாரால் வருடித் துடைப்பர். இவ்வாறு பலமுறை செய்தபின் கோலம் தெளியும். இறுதியில் எண்ணெய் பூசுவர். தொழில் தெரிந்தவர் செய்யவேண்டிய பணி இது.

ஆண்டுக்கு ஏறத்தாழ 300 சென்டிமீட்டர் மழை பெய்யும் இந்நகரில், வீடே ஈரப்பெட்டி. உப்புக்காற்று கேளாமலே துருவை வளர்க்கும். தோலுறையில் ஈரம் தங்குமாதலால், துப்பாக்கியை அதனுள் இட்டு மூடி வைத்தலாகாது. திங்களுக்கு ஒருமுறை உள்ளும் புறமும் மெல்லிய எண்ணெய் பூசுதல் நலம்.

இனிச் சுடும் பேச்சு. இக்குழல்கள் பெரும்பாலும் கரிமருந்துக்கென அமைந்தவை. பின்னாளில் வந்த புகையற்ற மருந்தின் அழுத்தம் வேறு வகையானது. நல்ல முறுக்குக் குழல் தன் காலத்தில் வலிமை வாய்ந்ததே. எனினும் நூறாண்டுத் துரு, ஒட்டிய இடங்களின் நுண்ணிடுக்குகளிற் புகுந்து உள்ளே அரித்திருப்பதைக் கண்ணால் அறிய இயலாது. குழல் வெடிப்பின், முன்கட்டையைத் தாங்கிய கையே முதலில் பலியாகும். மேலும், பழமையானது என்பதாலேயே துப்பாக்கி 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்திற்குப் புறம்பாகிவிடாது. செப்பனிடுமுன் உரிமம் வழங்கும் அலுவலகத்திற் கேட்டறிதல் வேண்டும்.

இவற்றைச் சொல்லக் கேட்ட பேரன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், கையிலிருந்த உப்புத்தாளை மடித்து ஒதுக்கிவிட்டு, “பாட்டி, இனி இது பூசைக்கு மட்டும்” என்றான். மூதாட்டி குழலின் வெள்ளைப் பகுதியை முந்தானையால் ஒற்றி, அதன்மேல் சந்தனப் பொட்டு ஒன்று வைத்தார். பூ உள்ளேயே இருக்கிறது என்பது அவருக்குப் போதுமானதாயிற்று.