சும்மா நின்ற கப்பல் இரண்டாகப் பிளந்தது!

அது புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல். பெயர் ஸ்கெனெக்டடி. அமெரிக்காவில் போர்ட்லண்டு நகரில் கட்டப்பட்டது. வெள்ளோட்டம் முடிந்து, கரையில் கட்டிப் போட்டிருந்தார்கள்.

1943-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி இரவு. புயல் இல்லை. அலை இல்லை. யாரும் குண்டு போடவும் இல்லை. திடீரென்று இடி இடித்தது போல ஒரு சத்தம்! கப்பலின் நடுவில் வெடிப்பு கிளம்பியது. இரண்டு பக்கமும் மளமளவென்று கீழே ஓடியது. கப்பல் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

யார் மீது பழி?

அது உலகப்போர் நடந்த காலம். கப்பல்களை அவசரம் அவசரமாகக் கட்டினார்கள். முன்பெல்லாம் இரும்புத் தகடுகளை ஆணி அடித்து இணைப்பது வழக்கம். போர்க்காலத்தில் நேரம் மிச்சமாகும் என்று பற்றவைத்தார்கள். அதுதான் வெல்டிங்.

"வெல்டிங் சரியில்லை" என்று பழி விழுந்தது. பாவம், தொழிலாளர்கள்! ஆனால் வேறு பல கப்பல்களிலும் வெடிப்பு கண்டது. சில கப்பல்கள் நடுக்கடலில் உடைந்தன. மாலுமிகள் மாண்டார்கள்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண்மணி இதை ஆராய்ந்தார். அவர் மாணவியாக இருந்த நாளில் அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் தருவதில்லை. 1948-ல்தான் தரத் தொடங்கியது. படிப்பு மட்டும் அவரிடம் நிறைய இருந்தது.

குற்றம் உருக்கிலேயே இருக்கிறது என்று அவர் கண்டுபிடித்தார். வெப்பமான நாளில் வளைந்து கொடுக்கும் உருக்கு, குளிர் ஓர் அளவைத் தாண்டினால் கண்ணாடி போல் உடைந்துவிடும். போர்ட்லண்டில் அந்த இரவு நீர் உறையும் குளிர்!

ஆணி அடித்த கப்பலில் வெடிப்பு ஒரு தகட்டோடு நிற்கும். பற்றவைத்த கப்பலோ முழுவதும் ஒரே தகடு போல. வெடிப்புக்குத் தடை ஏது?

சுத்தியல் சோதனை

ஒரு பொருள் ஏன் தாங்குகிறது, ஏன் உடைகிறது, அதை எப்படிப் பலப்படுத்துவது? இதைச் சொல்லித் தருவதுதான் மெட்டீரியல்ஸ் என்ஜினீயரிங். சென்னை ஐ.ஐ.டி.யிலும் திருச்சி என்.ஐ.டி.யிலும் உலோகவியலோடு சேர்த்து 4 ஆண்டுகள் கற்பிக்கிறார்கள்.

கப்பலை உடைத்த அதே விஷயத்தை மாணவர்கள் கையாலேயே சோதித்துப் பார்க்கலாம். 5½ சென்டிமீட்டர் நீளம், 1 சென்டிமீட்டர் கனம் உள்ள உருக்குத் துண்டு. நடுவில் சின்ன வெட்டு. ஊஞ்சல் போல ஆடும் கனமான சுத்தியல் அதை மோதி உடைக்கும். சுத்தியல் மறுபக்கம் எவ்வளவு உயரம் போகிறது என்று பார்ப்பார்கள். குறைந்த உயரம் போனால் துண்டு நன்றாகத் தாங்கியது என்று அர்த்தம். இன்னொரு துண்டைக் கடுமையாகக் குளிரவைத்து அடித்தால், சுத்தியல் எதிர்ப்பே இல்லாமல் மேலே பறக்கும்!

உடைந்த முகங்களையும் பார்க்க வேண்டும். குளிரில் உடைந்தது மினுமினுக்கும். மற்றது மங்கலாக, நார் நாராக இருக்கும்.

கிராமத்துக் கொல்லரைப் பார்த்திருப்பீர்கள். அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார். இரும்பில் கலந்திருக்கும் கரி, வெளியே வர நேரம் இல்லாமல் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அதனால் அரிவாள் கெட்டியாகிறது. ஆனால் எளிதில் உடையும். ஆகவே மறுபடி இலேசாகச் சூடு காட்டுவார். அவர் பழக்கத்தில் கண்டதை, வகுப்பில் மைக்ராஸ்கோப் வைத்துப் பார்க்கிறார்கள்.

இரும்பு மட்டும் அல்ல. பிளாஸ்டிக், பீங்கான், கம்ப்யூட்டர் சில்லு செய்யும் சிலிக்கன் எல்லாம் இதில் பாடம்தான்.

"இரும்பைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்று பெற்றோர் தயங்குவது உண்டு. திருச்சியில் கொதிகலன் செய்கிறார்கள். கல்பாக்கத்தில் அணு உலை இருக்கிறது. ராக்கெட்டும் ரெயில் பெட்டியும் இந்தியாவிலேயே தயாராகின்றன. எந்த உலோகம் எத்தனை சூட்டை, எத்தனை ஆண்டு தாங்கும் என்று சொல்ல அங்கெல்லாம் ஆள் வேண்டும்.

பிளஸ் 2-வில் கணிதம், பௌதிகம், ரசாயனம் படித்திருக்க வேண்டும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்கு அகில இந்திய நுழைவுத்தேர்வு உண்டு. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் உலோகவியல் இருக்கிறது. தமிழக அரசு கவுன்சிலிங் மூலம் அங்கே சேர, பிளஸ் 2 மார்க் போதும்.