தேயிலைக் கப்பல்களின் வழக்கு

சீன தேசத்தில் யாங்ட்ஸி நதிக்கரையில், கடலிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் உள்ளே இருக்கும் ஹாங்கோ துறைமுகத்தில், புதுத் தேயிலை வந்து குவிந்த சில வாரங்களே அக்காலத்தில் கப்பல்காரர்களுக்குக் கொழுத்த வருமானம் தந்த பருவம். அத்தேயிலையை லண்டனுக்கு ஏற்றிச் செல்லும் வியாபாரத்தைத் தமக்குள்ளேயே வைத்துக்கொள்ள விரும்பிய பெரிய கம்பெனிகள் சில, 1884-ஆம் வருஷத்தில் ஒரு சங்கமாகச் சேர்ந்து, தங்கள் கப்பல்களிலேயே சரக்கு முழுவதையும் அனுப்பும் வியாபாரிகளுக்குக் கப்பல் கூலியில் நூற்றுக்கு 5 வீதம் திருப்பித் தருவதாக ஏற்பாடு செய்தன. ஆறு மாதத்துக்குள் ஒரே ஒரு முறை அயலான் கப்பலில் சரக்கு ஏற்றிவிட்டாலும், அந்த ஆறு மாதத்துக்கும் சேரவேண்டிய தொகை முழுவதும் போய்விடும் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் கொடுக்கு.

1885-இல், சங்கத்தில் இடம் பெறாத மொகல் ஸ்டீம்ஷிப் கம்பெனி தன் கப்பல்களை ஹாங்கோவுக்கு அனுப்பியபோது, சங்கத்தாரும் அங்கே தங்கள் கப்பல்களை அனுப்பி, நஷ்டத்தையும் பொருட்படுத்தாமல் கூலியைத் தாழ்த்தினார்கள். எதிரிக்கு வேலை செய்தால் ஏஜென்ஸி பறிபோகும் என்று ஏஜெண்டுகளையும் எச்சரித்தார்கள். மொகல் கப்பல்கள் கட்டுபடியாகாத கூலிக்கே தேயிலை ஏற்றித் திரும்பின. தங்களை அழிக்கச் செய்த கூட்டுச் சதி இது என்று அக்கம்பெனியார் லண்டன் ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்தார்கள்.

1888-இல் தீர்ப்பளித்த பிரதம நீதிபதி கோலரிட்ஜ் பிரபு, வியாபாரம் இயல்பிலேயே சுயநலமுடையது என்றும், அது எல்லையற்றதல்லவாதலால் ஒருவன் பெறுவதை மற்றொருவன் இழக்கவே நேரும் என்றும் சொல்லி, பலாத்காரமோ மோசடியோ இல்லாத இச்செய்கையைச் சட்டவிரோதமெனக் கூற இயலாதென்று வழக்கைத் தள்ளிவிட்டார். மறு வருஷம் அப்பீல் கோர்ட்டும், 1891-இன் இறுதியில் பிரபுக்கள் சபையும் அதையே ஊர்ஜிதம் செய்தன.

அப்பீல் கோர்ட்டில் மாறுபட்டு நின்றவர் ஈஷர் பிரபு ஒருவரே. வியாபார நோக்கம் எதற்கும் வேண்டாத அளவுக்குக் கூலியைத் தாழ்த்துவது தன் வியாபாரத்தை நடத்துவதாகாது, பிறன் வியாபாரத்தைத் தடுப்பதேயாகும் என்றார் அவர். என் மனம் அவர் பக்கமே சாய்கிறது. ஏனெனில், போட்டியாளன் ஒழிந்த பிறகு, சங்கத்தார் கேட்ட கூலியை வியாபாரி கொடுத்தே தீரவேண்டியிருக்கும். அமெரிக்கர் இத்தகைய வியாபாரக் கூட்டுகளுக்கு எதிராக 1890-இலேயே ஷெர்மன் சட்டம் இயற்றினார்கள். இங்கிலாந்திலோ கப்பல் சங்கங்கள் அச்சமின்றிப் பெருகின. 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்க, அதற்குப் போட்டியாக பிரிட்டிஷ் இந்தியா என்ற ஆங்கிலேயக் கப்பல் கம்பெனி பிரயாணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்து, பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, குடையும் கொடுத்தது. மொகல் வழக்கின் நியாயப்படி பார்த்தால், அதுவும் போட்டியே.