எரிமலைமீது போடும் பழி

புவி சூடாவதற்கு மனிதனைக் குறை சொல்கிறீர்களே, எரிமலைகள் கக்கும் கரியமில வாயுவைக் கணக்கில் சேர்த்தீர்களா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் அதை விடையே கிடைக்காத கேள்விபோல வீசிவிட்டுப் போவதுதான் சரியில்லை. நிலத்தடியிலிருந்து கசியும் வாயுவை அளந்து பார்த்திருக்கிறார்கள்.

கலிபோர்னியாவின் மாமத் மலை என்ற எரிமலையில் 1989-ல் மாதக்கணக்கில் சிறுசிறு நடுக்கங்கள் ஏற்பட்டன. அடுத்த ஆண்டு ஹார்ஸ்ஷூ ஏரியோரம் மரங்கள் நின்றபடியே பட்டுப்போகத் தொடங்கின. வறட்சி, பூச்சி என்றுதான் முதலில் நினைத்தார்கள். மண்ணுக்குள் இருந்த காற்றைச் சோதித்தால், வழக்கமாக 1 சதவீதம்கூட இராத கரியமில வாயு சில இடங்களில் 95 சதவீதம் வரை இருந்தது. வேர்கள் மூச்சுமுட்டிச் செத்திருந்தன. இந்தக் கசிவை அளக்கும் கருவி பார்வைக்கு எளியது. அடி திறந்த ஒரு கலத்தைத் தரையில் கவிழ்த்து, விளிம்பில் காற்றுப் புகாமல் அழுத்தி வைப்பார்கள். உள்ளே சேரும் காற்றைச் சிறு பம்பு ஒன்று அகச்சிவப்பு மானிக்கு அனுப்பித் திரும்பக் கொண்டுவரும். ஓரிரு நிமிடங்களில் வாயு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை வைத்து அந்த இடத்துக் கசிவைக் கணக்கிடலாம். தொல்லை அதற்குப் பிறகுதான். இங்கே பீறிடும் வாயு பத்தடி தள்ளி இராது. காற்றழுத்தம் இறங்கினால் கசிவு கூடும், மழையில் மண் ஊறினால் குறையும். வேரும் நுண்ணுயிரும் விடும் மூச்சையும் கழிக்க வேண்டும். அதனால் நிலத்தைக் கட்டம் பிரித்து, இடம் இடமாகக் கலத்தைக் கவிழ்த்துத்தான் மொத்தத்தை மதிப்பிட முடியும். மாமத் மலையில் இப்படிக் கிடைத்த ஒரு மதிப்பீடு, நாளொன்றுக்குச் சுமார் 300 டன். ஒரு காட்டைக் கொல்ல அது போதும். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்தும் சிமென்ட் சுட்டும் நாம் விடுவதோ ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன். அந்த 300 டன்னை வெளியிட நமக்குக் கால் நொடிக்குச் சற்று மேல் ஆகும்.

உலகில் அளந்தவை சில வாய்கள்தானே, அளக்காதவை எத்தனையோ என்பது அடுத்த வாதம். உண்மைதான், உலக எரிமலைகளின் மொத்தத்தை ஆண்டுக்கு 30 கோடி டன் என்பாரும் உண்டு, 60 கோடி என்பாரும் உண்டு. பெரிய எண்ணையே எடுத்து ஐந்தால் பெருக்கினாலும் நம் பங்கில் பத்தில் ஒன்றைத் தொடாது. அதைவிட வலுவான சாட்சி காற்றிலேயே இருக்கிறது. எரிமலை விடும் கரியமில வாயுவில் கார்பன்-13 என்ற கனமான கார்பன் அணுவின் விகிதம் வளிமண்டலத்தில் இருப்பதைவிடப் பொதுவாகச் சற்று அதிகம். நிலக்கரியிலும் எண்ணெயிலும் மிகக் குறைவு. காற்றில் அந்த விகிதம் இறங்கிக்கொண்டே வருகிறது. கூடவே ஆக்சிஜனும் மெல்லக் குறைகிறது. எதையாவது எரித்தால் ஆக்சிஜன் செலவாகும். பாறைக்குழம்பிலிருந்து பிரியும் வாயுவுக்கு அது தேவையில்லை.

1958 முதல் கரியமில வாயுவை அளந்துவரும் மௌனா லோவா நிலையமே ஓர் எரிமலைமேல்தானே இருக்கிறது என்று மடக்குவோரும் உண்டு. இரவில் உச்சியிலிருந்து இறங்கும் காற்று அங்கே வாயுவைக் கொண்டுவருவது மெய்தான். ஆனால் அது மானியில் தாறுமாறாகத் துள்ளும். அந்த அளவுகளை அடையாளம் கண்டு ஒதுக்கிவிடுகிறார்கள். பக்கத்தில் எரிமலையே இல்லாத தென்துருவ நிலையமும் அதே ஏற்றத்தைக் காட்டுகிறது.

அப்படியானால் இந்தக் கலத்தைக் கவிழ்க்கும் வேலை எதற்கு? பருவநிலை வழக்கில் எரிமலையை விடுவிக்க மட்டுமல்ல. காற்றைவிடக் கனமான இந்த வாயு பள்ளங்களிலும் பனிக்குழிகளிலும் தேங்கும். 2006-ல் அதே மாமத் மலையில், வாயுத் துளையைச் சுற்றி உருவான பனிக்குழிக்குள் சிக்கிப் பனிச்சறுக்குக் காவலர் மூவர் இறந்தார்கள்.