சம்பளச் சீட்டு இல்லாதவருக்குச் சொந்த வீடு கிடைக்குமா?

கணவர் கம்பனி வேலையை விட்டுச் சொந்தமாகக் கடை போட்டு எட்டு மாதம். அல்லாஹ்வின் கிருபையால் வியாபாரம் நடக்கிறது. வாடகைக்குக் கொடுக்கும் காசில் ஒரு வீட்டுக்கு வழி தேடலாமென்று வங்கிக்குப் போனால், "சம்பளச் சீட்டு எங்கே?" என்று கேட்கிறார்கள். இது நமது பல குடும்பங்களின் கதை.

உத்தியோகத்தரின் வருமானத்தை ஒரு துண்டுக் கடதாசி சொல்லிவிடும். சுயதொழில் செய்பவரின் வருமானத்தைக் கணக்குத்தான் சொல்ல வேண்டும். பொதுவாக இரண்டு, மூன்று வருடக் கணக்குக் கேட்பது அதனால்தான். எனவே, வீடு தேடும் நாளில் அல்ல, கடை திறக்கும் நாளிலேயே ஆயத்தம் தொடங்க வேண்டும்.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்யுங்கள். கடைக்கென்று தனியான வங்கிக் கணக்கு வைத்து, வரும் பணத்தை அதிலேயே இடுங்கள். லாச்சியில் கிடக்கும் காசு சாட்சி சொல்லாது. பற்றுச்சீட்டுகளைக் கோவைப்படுத்துங்கள், வருமான வரி விபரத்தை ஒழுங்காகச் சமர்ப்பியுங்கள். தவணைக்கு எடுத்த பொருளின் கட்டணத்தைப் பிந்த விடாதீர்கள். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை வங்கிகள் பார்த்தே முடிவெடுக்கின்றன.

காத்திருக்கும் காலத்தில் மனம் சோர்ந்து வட்டியின் பக்கம் திரும்பிவிடக் கூடாது, சகோதரிகளே! 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு இஸ்லாமிய வங்கி முறைக்கு இங்கு வழி திறந்தது. 2011இல் அமானா வங்கி முழுமையான இஸ்லாமிய வங்கியாகத் தன் பணியைத் தொடங்கியது. குறைந்து செல்லும் முஷாரகா என்பது இம்முறைகளுள் ஒன்று. வீட்டின் விலை ஒரு கோடி ரூபா என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 30 இலட்சமும் வங்கி 70 இலட்சமும் இட்டுக் கூட்டாக வாங்குகிறீர்கள். வங்கியின் பங்குக்கு வாடகை கொடுத்தபடி, அப்பங்கைச் சிறிது சிறிதாக வாங்கி வருகிறீர்கள். பங்கு குறையக் குறைய அதற்குரிய வாடகையும் குறையும். ஆனால் இங்கும் வருமானத்துக்கு அத்தாட்சி கேட்பார்கள். வியாபாரம் மந்தமானால் தவணை என்னவாகும் என்பதைக் கையொப்பமிட முன்னரே கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

இன்னுமொன்று. முற்பணத்துக்காக உங்கள் நகை விற்கப்படுகிறதா? மனைவியின் பொருள் மனைவிக்கே உரியது என்பது மார்க்கம் தந்த உரிமை. அதை அன்பளிப்பாகக் கொடுப்பதா, கடனாகக் கொடுப்பதா, பங்காக இடுவதா என்பதை முதலில் கணவருடன் பேசி முடிவு செய்யுங்கள். பங்கென்றால் உறுதியில் உங்கள் பெயரும் எழுதப்படட்டும். இது கணவர் மீதுள்ள சந்தேகமல்ல. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சூரா அல்பகராவின் 282ஆம் வசனம் நமக்குக் கற்றுத் தருகிறதல்லவா? எழுத்தில் இருப்பது நாளை பிள்ளைகளிடையே பிணக்கு வராமலும் காக்கும், இன்ஷா அல்லாஹ்.