நாசூக்கு யாரைக் காப்பாற்றுகிறது?

சபையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வதை இலக்கணத்தில் இடக்கரடக்கல் என்பார்கள். 'கால் கழுவி வந்தேன்' என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்த உதாரணம். அதன் உடன்பிறப்பு மங்கலம். செத்தவரை 'இயற்கை எய்தினார்' என்கிறோம். சுடுகாட்டை 'நன்காடு' என்றார்கள் முன்னோர். நன்னூல் இவை இரண்டையும் குழூஉக்குறியோடு சேர்த்துத் தகுதி வழக்கு என்று வகுத்தது.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. துக்க வீட்டுக்குள் நுழைந்ததும் 'எப்போ செத்தார்?' என்று கேட்பவரை யாரும் நேர்மையாளர் என்று மெச்சப் போவதில்லை. 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்ததும், ஏச்சுப் பெயர்களை ஒதுக்கி 'திருநங்கை' வந்ததும் நல்ல மாற்றங்களே. அந்த மென்மை போய்ச் சேர்வது, பேசப்படுகிறவருக்கு.

கழிவுநீர்த் தொட்டியில் மூச்சுத் திணறி ஒருவர் செத்தால் மட்டும் கதை வேறு. 'விஷவாயு தாக்கித் தொழிலாளி பலி' என்கிறது செய்தி. அந்த வாக்கியத்தில் குற்றவாளி வாயுதான். ஆளை உள்ளே இறக்கியவர் அதில் இல்லவே இல்லை. மலம் அள்ள ஆள் வைப்பதை 1993-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்துவிட்டது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. இப்படிச் செத்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் குற்றம் என்கிறது. நாம் இன்னும் 'விபத்து' என்கிறோம். துப்புரவுப் பணியாளர் 'தூய்மைப் பணியாளர்' ஆனது மரியாதைதான். ஆனால், பெயரை மாற்றிய வேகத்தில் அந்தக் கைகளுக்கு உறை வந்ததா?

பச்சையாகப் பேசவும் ஆள் வேண்டியிருப்பது இதனால்தான். இத்தொழிலாளர்களைப் பற்றி 2017-இல் வெளிவந்த தன் ஆவணப்படத்துக்கு 'கக்கூஸ்' என்றே பெயர் வைத்தார் திவ்யபாரதி. பெருமாள்முருகனின் சிறுகதைத் தொகுப்பு ஒன்றின் பெயர் 'பீக்கதைகள்'. தலைப்பைப் படிக்கவே நமக்குக் குமட்டுகிறது என்றால், அதையே அள்ளிப் பிழைக்கிறவருக்கு எப்படி இருக்கும்?

நாசூக்கு நோகிறவரைக் காத்தால் அது பண்பு. நோகடித்தவரைக் காத்தால் அது உடந்தை. செய்தி எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை 'விஷவாயு' என்று எழுதும் முன், உள்ளே இறக்கியது யார் என்று எழுதுங்கள்.