பீப்பாயிலே போட்ட பணம்!

பொன்னிலே போடு, பூமியிலே போடு என்ற காலம் போய், பீப்பாயிலே போடு என்று ஆசை காட்டும் காலம் வந்திருக்கிறது. ஸ்காட்லாந்து விஸ்கியைப் பீப்பாயோடு வாங்கிப் போட்டால் பத்தாண்டில் பணம் பல மடங்காகுமாம். கைப்பேசியிலே வருகிறது இந்தக் கூவல். பிள்ளையை லண்டனிலே படிக்க வைத்திருக்கும் வீட்டுக்கும் வரும். அரபு நாட்டிலே வியர்வை சிந்தும் தம்பிக்கும் வரும்.

குடிப்பவன் குடி கெடும் என்பது ஊரறிந்தது. குடிக்காதவன் குடியையும் கெடுக்க வல்லது இந்தப் பீப்பாய்!

சரக்கு என்னவோ மெய்தான். ஓக் மரப் பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணிலேயே, 3 ஆண்டாவது கிடந்தால்தான் அது ஸ்காட்ச் என்பது அந்நாட்டுச் சட்டம். கிடக்கக் கிடக்க மணம் கூடும், விலை கூடும். கூடவே சரக்கு குறையும். ஆண்டுக்கு நூற்றுக்கு 2 பங்கு மரத்தின் வழியே ஆவியாகிப் போகிறது. அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் 'தேவதைகளின் பங்கு'! பார்த்தீர்களா, இழப்பைத் தேவதை தலையிலே கட்டும் வித்தை அங்கேயும் இருக்கிறது. 200 லிட்டர் 12 ஆண்டில் 160 லிட்டருக்கும் கீழே இறங்கிவிடும். வீரியம் நூற்றுக்கு 40க்குக் கீழே போனாலோ, விஸ்கி என்ற பெயரே பறிபோகும். கிடங்கு வாடகை, காப்பீடு எல்லாம் தனி. தேவதை குடித்தது போக மிச்சம்தான் உங்களுக்கு.

அதுகூடப் பெரிதல்ல. பீப்பாய் எங்கே?

நம் ஊர்க் கார்த்திகை தீபத்துக்கு நெய்க் காணிக்கை தருகிறவர்கள் உண்டு. அந்த நம்பிக்கை நமக்கில்லை, போகட்டும். ஆனால், மலையுச்சிக் கொப்பரையிலே நெய் எரிவதை அவர்கள் தெருவில் நின்றே கண்ணால் காண்கிறார்கள். பீப்பாய்க்குப் பணம் கொடுத்தவர் காண்பது என்ன? 'உரிமைச் சான்றிதழ்' என்று அச்சடித்த வண்ணத்தாள்! அந்தத் தாளை நம்பிப் பயனில்லை. விற்றவர் கையெழுத்திட்ட டெலிவரி ஆர்டர் கிடங்குக்காரரிடம் போய்ச் சேர்ந்து, அவருடைய ஏட்டிலே உங்கள் பெயர் ஏற வேண்டும். ஒரே பீப்பாயைப் பலருக்கு விற்றதையும், இல்லாத பீப்பாயையே விற்றதையும் 2025இல் பி.பி.சி. துப்புத் துலக்கி வெளியிட்டது. லண்டன் நகரப் போலீசும் விசாரணையில் இறங்கியது. ஏமாந்தவர்கள் யார்? ஆங்கிலம் படித்த ஆங்கிலேயர்களே!

நம் மாவட்டத்துக்கு இது புதுக் கதையா? ஆருத்ரா நிறுவனத்துக்குத் தலைமையகம் சென்னையிலே. கிளைகள் ஆரணியிலே, செய்யாற்றிலே. மாதம் நூற்றுக்கு 25, 30 ரூபாய் தருவதாகச் சொல்லி, ஏறத்தாழ 1 லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வாங்கியதாகப் போலீஸ் வழக்கு. 2022இல் சோதனை நடந்தது. பட்டு நெய்கிற ஊர் ஆரணி. தறிக்குழியிலே கால் வைத்தவன் ஒரு லட்சம் சேர்க்க எத்தனை சேலை நெய்ய வேண்டும்! அதற்கு முன்னே, 2012இல், பெருந்துறை ஈமுக் கோழி. ஈமுவையாவது கண்ணால் காண முடிந்தது. நிறுவனம் மூடிய பிறகு அது தீனியின்றித் தவித்ததையும் கண்டோம்.

அங்கெல்லாம் 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வைப்பாளர் பாதுகாப்புச் சட்டம் இருந்தது; சொத்தை முடக்க வழி இருந்தது. ஸ்காட்லாந்துக் கிடங்கை முடக்க எந்த அதிகாரி கப்பலேறுவார்? பிரிட்டனின் நிதிக் கண்காணிப்பு ஆணையமே பீப்பாய் வணிகத்தைத் தன் கட்டுக்குள் வைத்திருக்கவில்லை.

2025இல் கையெழுத்தான இந்திய–பிரிட்டன் ஒப்பந்தத்தைத் தரகர் எடுத்து நீட்டுவார். விஸ்கி மீதான இறக்குமதி வரி நூற்றுக்கு 150 என்பது முதலில் 75 ஆகி, பிறகு பத்தாண்டில் 40 ஆகும் என்பது ஒப்பந்தம். லாபம் புட்டி விற்கும் பெருங்கம்பெனிக்கு! ஒற்றைப் பீப்பாய்க்காரர் அதை விற்க யாரிடம் போவார்? பெரும்பாலும் அதே தரகரிடம்தான்.

இனி அந்தக் கூவல் வந்தால், கேளுங்கள். பீப்பாய் எண் என்ன? கிடங்கு எது? கடைசியாக அளந்தது எப்போது? கிடங்குக்காரரே எழுதிய கடிதம் எங்கே? கேட்ட மாத்திரத்தில் அவர் அடுத்த வீட்டைத் தேடிப் போவார். அந்த வீட்டுக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.